பொட்டு வைத்த பின் அச்சு

ஐம்பது வயது ஆண் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, ஞாயிறு தோறும் துடைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ஆசை. ஐம்பது வயதில் நான் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினேன். அதற்குப் பெயர் கிறுக்கு. மயிலாப்பூரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கும் அத்தனை பேரும் இதில் ஒருமனதாக இருந்தார்கள். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் விஷயத்தில்கூட அவர்கள் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

வண்டியை முதலில் பார்த்தது கோடம்பாக்கத்தில். ஒரு காலத்தில் படப்பிடிப்புக்கு விளக்குகள் ஏற்றிப் போன வண்டி அது. மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் பின்புறம் நின்றிருந்தது. உருண்டை முகம், தடித்த மட்கார்டு, பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. ஏன் பிடித்தது என்று கேட்காதீர்கள். பிடித்தது, அவ்வளவுதான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஊருக்கே காரணம் சொல்லி அலுத்துப்போனவள் நான். இதற்குமா காரணம் சொல்ல வேண்டும்? வாங்கி, கட்டி இழுத்துக்கொண்டு வந்து, கட்டடத்தின் பின்பக்கம் எனக்கு உரிய இடத்தில் மாமரத்தடியில் நிறுத்தினேன்.

என்ஜினில் உயிர் இல்லை. மந்தைவெளியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். என் வயதுதான் இருக்கும். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு உடனே மூடினார்.

"பிளாக்கே வெடிச்சிக் கீதுக்கா. புதுப்பேட்டைல ஒரு வேன் இன்ஜின் கீது, டீசல். அத்த ஏத்தலாம். ஆனா இந்தப் பின்னாடி ஆக்ஸில் அத்தத் தாங்காது. மொத பிரிட்ஜ் ஏறும்போதே பல்லு கொட்டிப்பூடும். அத்தயும் சேத்து மாத்தணும்."

"மாத்துங்க" என்றேன்.

"செலவு இழுக்கும்க்கா."

"நான் கேட்டேனா?"

அதற்குப் பிறகு அவர் எதையும் தயங்கிச் சொல்லவில்லை. அரசாங்க அனுமதிக்கு நான் அலைந்தேன், சாமான்களுக்கு அவர் அலைந்தார்.

எங்கள் கட்டடத்துச் செயலாளர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் மாடி. அவருடைய பால்கனி நேராக என் வண்டியைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவருக்கு அது தினசரி தலைவலி. மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இதோ பாரும்மா, இது ஃபிளாட்டா, ஒர்க் ஷாப்பா? வர ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்குள்ள அந்த வண்டி தானா ஓடிப் போய் கேட்டைத் தாண்டட்டும். தாண்டிடுத்துன்னா ஆயுசுக்கும் வெச்சுக்கோ, நான் வாயே தெறக்கல. இல்லேன்னா காயலான் கடைக்காரன் வந்து தூக்கிண்டு போயிடுவான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அவர் பேச்சு மாறமாட்டார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மரியாதை அவர்மேல் உண்டு.

என்ஜின் வந்தது. மூன்று குழாய்களை மாமரத்தடியில் முக்காலியாகக் கட்டி, சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கினோம். மத்தியானம் கட்டடம் தூங்கும் நேரத்தில் சத்தம் கூடாது என்று உத்தரவு. அதனால் மத்தியானமெல்லாம் துணி சுற்றிய சுத்தியலால் தட்டினோம்.

பின் அச்சு, அதாவது மெக்கானிக் சொன்ன ஆக்ஸில், வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. புதுப்பேட்டைக்காரர்கள் அதில் ஸ்பிரிங் பட்டைகள் வந்து உட்காரும் பழைய இரும்பு இருக்கைகளை அறுத்தெடுத்துவிட்டு வெறும் இரும்பாகத் தந்திருந்தார்கள். எங்கள் வண்டியின் அகலத்துக்குப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்; எது மேல்பக்கம் என்பதை அந்த இருக்கைகள்தான் முடிவு செய்யும். இறக்கியபடியே அது தரையில் கிடந்தபோது செயலாளரின் மனைவி படியிறங்கி வந்தார். அந்த மாமிக்கு என் வண்டிமேல் ஒரு கண் உண்டு என்று எனக்குச் சந்தேகம். கையில் சந்தனக் கிண்ணம்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா புதுசா ஒரு சாமான் வந்திருக்கு, பொட்டு வெக்காம எப்படிடி மாட்டறது? நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்கோ" என்று சொல்லி, அந்த இரும்பின் வயிற்றில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். மெக்கானிக் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு வெல்டிங் பட்டறைக்குப் போய், இருக்கைகள் பற்றவைத்துத் திரும்பி வந்து, சனிக்கிழமை மாலை வண்டியில் ஏறிவிட்டது அச்சு.

ஞாயிறு காலை காயலான் கடை லாரி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. பால்கனிகளில் ஆட்கள். காபி டம்ளரோடு சிலர். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது. நேராகப் போய்ச் செயலாளரின் குரோட்டன்ஸ் தொட்டியை உடைத்துச் சுவரில் முட்டி நின்றது.

மேலே யாரோ கைதட்டினார்கள். இரண்டாவது கியரில் போட்டேன். சுவரை இன்னும் பலமாகத் தள்ளியது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, ஆக்ஸிலத் தலகீழா மாட்டிட்டோம்க்கா."

"எப்படி?"

"பொட்டு வெச்சிருந்தாங்களேக்கா. அத்தக் கீழ போட்டு மண்ணுல வெக்க மனசு வர்ல. வெல்டிங்காரன் கைலயும் அதான் மேல்பக்கம்னு சொல்லிட்டேன். ஆயில் வடிக்கிற ஓட்டைய ஊத்துற ஓட்டன்னு நென்ச்சிட்டேன்."

அச்சு தலைகீழானால் அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் பக்கம் மாறிவிடும். சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும். முன்னால் போக வேண்டிய நான்கு கியரும் வண்டியைப் பின்னால் கொண்டுபோகும். சரிசெய்ய ஒரு முழு நாளாவது வேண்டும். மத்தியானத்துக்கு அவ்வளவு நேரமில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. செயலாளர் கீழே இறங்கி வந்து, லாரிக்காரனைப் பார்த்து உள்ளே வரச்சொல்லிக் கையசைத்தார். கயிற்றோடு ஒருவன் கேட்டுக்குள் நுழைந்தான்.

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். "மாமா, தானா ஓடி கேட்டைத் தாண்டணும்னுதானே சொன்னேள்?"

"ஆமா. அதுதான் ஓடின லட்சணத்தைப் பாத்தோமே."

"எந்த கியர்ல தாண்டணும்னு சொல்லலியே."

ரிவர்ஸ் கியரைப் போட்டேன். வண்டி முன்னால் நகர்ந்தது. கயிற்றுக்காரன் துள்ளி ஒதுங்கினான். பால்கனியில் சிரிப்பு நின்றது. மெக்கானிக் பக்கத்தில் நடந்தபடியே "விட்றாதக்கா, விட்றாத" என்று கத்திக்கொண்டு வந்தார். கேட்டருகில் மாமி காய்கறிப் பையோடு நின்றிருந்தார். நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"குளத்தங்கரைக்குத்தானே? நானும் வரேன்" என்று புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார். பின்னால் அவர் கணவர் ஏதோ கூப்பிட்டது கேட்டது. மாமி திரும்பவில்லை.

கேட்டைத் தாண்டினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு மனசில்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி, பூக்கடைகளைத் தாண்டி, நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில், என்ஜின் ஊளையிட ஓட்டினேன். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் உரசிக்கொண்டு வந்தார்.

"இன்னாக்கா, ஃபர்ஸ்ட்லயே போய்க்கினு கீற! மாத்துக்கா கியர!"

"மாத்த முடியாதுப்பா" என்றேன். அவர் தலையிலடித்துக்கொண்டு போனார்.

"இது என் பொட்டாலயாடி?" என்று மாமி கேட்டார். படியிறங்கும்போது மெக்கானிக் என்னிடம் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும்போல.

"ஆமா மாமி."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஆத்துல அவர்கிட்ட சொல்லிடாதே. திருப்பி மாட்டினப்புறம் நானே இன்னொண்ணு வெக்கறேன், சரியான பக்கத்துல."

திரும்பி வந்தபோது காயலான் கடை லாரி போய்விட்டிருந்தது. செயலாளர் உடைந்த தொட்டி மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர். கேட்டிலிருந்து மாமரம் வரை வண்டியை மூக்கு நேராகவே உள்ளே கொண்டுபோனேன். பின்னால் போவதற்கு என்னிடம் நான்கு கியர் இருந்தது. கேட்டைத் தாண்டிய பிறகு அதில் ஒன்றையும் நான் தொடவில்லை.