பிரஷர் மாத்திரையும் என் பழைய சாட்சியும்

என்னை உங்களுக்குத் தெரியும். கிள்ளான் சபையில் பாட்டுக் குழுவில் பாடும் அல்பர்ட். போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரம் இதே மைக்கின் முன் நின்று, "ஆண்டவர் என் பிரஷரைக் குணமாக்கிவிட்டார், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டேன்" என்று சாட்சி சொன்னேன். நீங்களும் கை தட்டினீர்கள். இன்று அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

அப்போது கிளினிக்கில் அளவு சரியாக இருந்தது உண்மை. மாத்திரை வேலை செய்ததால் இருந்தது. எனக்கு அது புரியவில்லை. இரண்டு மாதத்தில் தலை கனத்தது, பிடரி இறுகியது. பிரஷர் ஏறிவிட்டது என்று உள்ளுக்குள் தெரியும். ஆனால் அத்தனை பேர் முன் சாட்சி சொன்னவன், எந்த முகத்தோடு கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காருவது? அங்கே பாதிப் பேர் நம் சபைக்காரர்கள். மானம் போகுமென்று வாயைத் திறக்கவில்லை. உப்பு தூக்கலான கருவாட்டுச் சம்பல் மட்டும் வழக்கம்போல் உள்ளே போனது.

ஒரு சனிக்கிழமை காலை, காபிக் குவளை வலது கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனேன், விரல்கள் மடங்கவில்லை. மனைவி ரோஸ்லினைக் கூப்பிட்டேன், நாக்கு குழறியது. ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! பாடுகிற வாய் இது. "ஆண்டவரே, என் பேச்சை எடுத்துவிடாதேயும்" என்று மனதுக்குள் கதறினேன்.

என் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததாம். ரோஸ்லின் உடனே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வாசலுக்கு வருவதற்குள் கை அசைந்தது, பேச்சும் திரும்பியது. புத்தி மட்டும் திரும்பவில்லை.

"சரியாயிருச்சு லா. ஹாஸ்பிட்டல் போனா சபையில என்ன பேசுவாங்க?" என்றேன்.

"பேசறவங்களா வந்து உங்கள குளிப்பாட்டப் போறாங்க? கையத் திருப்பிக் குடுத்த ஆண்டவர்தான் இந்த வண்டியையும் அனுப்பியிருக்காரு. ஏறுங்க!" என்று கத்தினாள்.

ஏறினேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டுத் தானாகச் சரியாகியிருக்கிறது. "இது வார்னிங், அங்கிள். அடுத்த தடவ இப்படி விட்டுட்டுப் போகும்னு சொல்ல முடியாது. மருந்த ஏன் நிறுத்துனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. என் ஜெபத்துக்கான பதில், என்னை விட்டுக் கொடுக்காத மனைவியாகவும், அந்த டாக்டராகவும் என் எதிரில் நின்றது.

ஏழு மாதமாக மாத்திரை தவறவில்லை. ரோஸ்லின் கருவாட்டையும் கிச்சாப் என்கிற சோயா சாஸ் பாட்டிலையும் வீட்டை விட்டே விரட்டிவிட்டாள். முதல் வாரம் குழம்பில் உப்பில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது நாக்கு பழகிவிட்டது. போன வாரம் அளவு நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். அப்பாடா என்றிருந்தது! இந்த முறை மாத்திரையையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நான் இன்னும் பாடுகிறேன்.

என் பழைய சாட்சியை நம்பி மருந்தை நிறுத்தியவர் யாராவது இங்கே இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வெட்கப்பட வேண்டாம். நாளைக் காலை நானே கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். உங்கள் நம்பரைக் கூப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.