கரன்ட் போன ஆராதனை

சபையில் என்னோடு முழங்கால் போட்டவர்களே, மேற்குத் தாம்பரத்திலிருந்து சாராள் எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் என் ஆண்டவர் செய்ததை இன்னொருத்தர் கையால் எழுதவைக்க மனசில்லை.

என் வீட்டுப் பின்பக்கம் குடியிருப்பவர்களின் மகள் ஜெனிபர், ஆறாம் வகுப்பு. அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் பட்டறை வேலை, அம்மாவுக்குச் சிறுசேரி கம்பெனி கேன்டீனில் வேலை. பள்ளி விட்டால் பிள்ளை என்னிடம்தான் இருப்பாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நான் பெரிம்மா.

போன வருஷம் அவள் உடம்பு ரொம்பவும் பருத்துப்போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். முழங்கால் வலி. வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு லீவு நாள் மத்தியானம் என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கியவளின் சத்தம் திடீரென்று நின்றது. மூச்சே இல்லை. பிடித்து உலுக்கினேன். திணறிக்கொண்டு எழுந்தாள்.

அவள் அப்பாவிடம் சொன்னேன். "கொயந்த புஷ்டியா கீதும்மா. நீங்க வேற பயமுறுத்திக்கினு" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு என்னவென்று காட்டும் என்று அழுதேன்.

அவர் முன்னமே காட்டியிருந்தார். அவள் பின்கழுத்தில் கறுப்பாகத் தடித்து, படை போல இருந்தது. நாங்கள் எல்லோரும் அதை அழுக்கு என்று நினைத்தோம். ஞாயிறுதோறும் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளிப்பாட்டுவேன். "எரியுது பெரிம்மா. அது போவாது, வுட்டுடு" என்பாள். போகாததால் மேலே பவுடரை அப்பி, ரெட்டை ஜடை போட்டுச் சபைக்குக் கூட்டிப்போவேன். என் பிள்ளையை யாரும் அழுக்கு என்று சொல்லக்கூடாது.

சித்திரை மாதத்து ஆராதனை ஒன்றில் கரன்ட் போனது. ஃபேன் எல்லாம் நின்றது. கரன்ட் வரட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். வரவில்லை. ஜெனிபருக்கு வேர்வை கொட்டி, பவுடர் எல்லாம் கரைந்து ஓடியது. எனக்கு மானம் போனது.

பின்வரிசையில் ஒரு சகோதரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று பிறகுதான் தெரியும். என் தோளைத் தொட்டார். "அம்மா, இது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க. ஒடம்புல சுகர் ஏறப்போவுதுன்னு கழுத்து சொல்லுது. தூக்கத்துல மூச்சு நிக்குதா?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சபையில் நான் வாய் திறந்து யாரிடமும் சொல்லாததை அவர் கேட்கிறார்! சொல்லி முடித்தேன், கரன்ட் வந்தது. ஸ்தோத்திரம்.

நர்ஸ் சொன்னதைக் கேட்டதும், அன்று சிரித்த அவள் அப்பாவே மறுநாள் லீவு போட்டுவிட்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, நல்ல வேளை இப்போதே வந்தீர்கள், சுகர் வாசலில் நிற்கிறது, எடையால் தூக்கத்தில் மூச்சு அடைக்கிறது என்றார். மருந்து, சாப்பாட்டு முறை, தினமும் நடை, எல்லாம் சொன்னார். பரோட்டாவும் கலர் பாட்டிலும் எங்கள் இரண்டு வீட்டிலும் நின்றன. அவளுக்குத் துணையாக நானும் நடந்தேன். என் முழங்காலும் தேறியது!

இன்னும் டாக்டரிடம் போகிறோம். ஆனால் மத்தியானத்தில் குறட்டை இல்லை. வகுப்பில் தூக்கம் இல்லை. கழுத்தும் வெளுத்து வருகிறது. போன வாரம் பஸ்ஸைப் பிடிக்க எனக்கு முன்னால் ஓடி, படியில் நின்றுகொண்டு, "சீக்கிரம் வா பெரிம்மா" என்று கத்துகிறாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

பிரியமானவர்களே, உங்கள் பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் தேய்க்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கேட்டது கிடைக்கவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். நான் கேட்ட காற்றை அவர் தரவில்லை. என் பிள்ளையின் மூச்சைத் தந்தார்.