ஏழே கால் ரயிலில் அயோவா

ரயில் ஜெர்மனியின் ஹம் நிலையத்தை விட்டு நகர்வதற்குள் மங்கையற்கரசி வாசிப்புக் கண்ணாடியை மாட்டி, கைபேசியில் அமெரிக்க வரைபடத்தை இரண்டு விரல்களால் விரித்துவிடுகிறார். வயது ஐம்பத்தாறு. டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஹம் நகர மேயரின் பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பார். அயோவா மாநிலத்தில் எந்த மாவட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்று கேட்டால் யோசிக்கமாட்டார்.

அமெரிக்காவில் எதிர்க்கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தல்கள் தொடங்கிவிட்டன. அகதிகளைத் திருப்பி அனுப்புவேன் என்று முழங்குகிறவர் முன்னணியில் நிற்கிறார். மங்கையற்கரசியின் தம்பி ரகுநாதன் மெக்சிகோ எல்லையைக் கடந்து போனவர். நியூ ஜெர்சியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டு, அகதி வழக்கு விசாரணைக்குக் காத்திருக்கிறார். அந்த விசாரணை நாளையும் அக்கா ஜெர்மன் வழக்கத்தில் டெர்மின் என்றுதான் சொல்வார். "டெர்மின் ஏப்ரல் ஒன்பது. அதுக்குள்ளை சட்டத்தை மாத்தாமல் இருந்தால் காணும்."

தினமும் எதிர் இருக்கையில் பயணிக்கும் நான், பத்திரிகை படித்த மிதப்பில் ஒருநாள் வாயைக் கொடுத்தேன். இவ்வளவு கடுமையான ஆள் வேட்பாளராக வந்தால் நடுநிலையாளர்கள் விலகிப் போவார்கள், ஆளும் கட்சிக்கு அது நல்லதுதானே என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, எங்கடை நாட்டிலை என்னத்தைப் பாத்தனாங்கள்? ஒரு கட்சி தமிழருக்கு ஒண்டும் குடுக்கமாட்டம் எண்டு சொன்னால், மற்றக் கட்சி பயந்துபோய் அதைவிடக் கூடச் சொல்லும். ஆர் வெண்டது எண்டு பாக்கக் கூடாது. எவ்வளவு வித்தியாசத்திலை எண்டு பாக்கோணும். வித்தியாசம் கூடினால் ஆளுற கட்சியும் கதவைச் சாத்தும்."

வேறு யாரோ போடும் வாக்கில் தன் வீட்டாரின் உயிர் தொங்குவதைச் சிறுவயது முதல் பார்த்தவரின் கணக்கு அது. அந்தக் கணக்கு பொய்த்துப்போக வேண்டுமென்று அன்றிலிருந்து மனதார விரும்புகிறேன்.

கருத்துக்கணிப்போ முடிவோ வந்தால், வித்தியாசத்தை மட்டும் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். வேலையிடத்தில் கிருமிநாசினி போட்டுக் கை கழுவும்போது அது அழிந்துவிடும். சக பணியாளர்கள் ஏதோ மருந்தின் அளவென்று நினைத்திருக்கிறார்களாம்.

இன்று காலை நியூ ஹாம்ஷயர் முடிவு வந்திருந்தது. அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். "அவன்தான் வெண்டிட்டான், தம்பி. வித்தியாசம் பெரிசு" என்றார். அப்போது கைபேசி அடித்தது. ரகுநாதன். அங்கே இரவு வேலை. பெட்டி முழுக்கக் கேட்டது அவருடைய குரல்.

"அக்கா, என்ன மாதிரி? ஆர் வெண்டது?"

"இன்னும் எண்ணி முடியேல்லை ராசா. நீ சாப்பிட்டனியோ?"

சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.