பத்துக் கடிதங்களை நம்பிய கதை

என் கணவர் ஜெர்மனியில் வேலை செய்கிறார். நான் அவரோடு போய்ச் சேர, தொடக்கநிலை ஜெர்மன் தேர்வில் தேற வேண்டும். மலேசியாவில், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள குளுவாங்கில் ஜெர்மன் வகுப்பு நடத்தும் சார் பத்து மாதிரிக் கடிதங்களைக் கொடுத்து, "இதுல ஒன்னு கண்டிப்பா வரும் லா, மனப்பாடம் பண்ணிடுங்க" என்றார். பள்ளியில் மலாய்க் கட்டுரைகளையே அப்படி ஒப்பித்துத் தேறியவள் நான். அவரை நம்பினேன்.

தேர்விலோ, தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றி வீட்டு உரிமையாளருக்கு எழுதச் சொன்னார்கள். நான் மனப்பாடம் செய்த கடிதத்தை எழுதி, அவரைப் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்துவிட்டு வந்தேன். எழுத்துத் தேர்வில் தோல்வி.

"உங்க அதிர்ஷ்டம் அப்படி" என்றார் சார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிர்ஷ்டத்தை நம்பவா மூன்று மாதம் எங்கள் ஊர் பாலோவிலிருந்து பஸ் ஏறிப் போனேன்?

அதன்பின் தினமும் ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்து, அதை முதலில் படித்து, கேட்டதற்கு மட்டும் என் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதிப் பழகினேன். இரண்டாம் முறை தேறினேன்.

உடனே சார் அழைத்தார். "நீங்க எழுதிப் பழகின கடிதத்துல ஒன்னு அனுப்புங்க. பதினொன்னாவதா சேர்த்துக்கிறேன்."

இப்போதெல்லாம் யார் கேட்டாலும் நான் கடிதம் தருவதில்லை. சாருக்கும் நான் பழகிய கேள்விகளை மட்டும் அனுப்பினேன். பதிலை அவரே எழுதிப் பார்க்கட்டும்.