எங்கள் கடையில் அந்த பிஸ்கட் ஏன் இல்லை

வெள்ளவத்தையில் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அந்த கிறீம் பிஸ்கட் அப்பாவின் கடையில் மட்டும் ஏன் இல்லை என்று நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். விற்று முடிந்துவிட்டது என்று ஒருமுறை சொன்னேன். அது பொய். அதை நான் வாங்குவதில்லை, இனியும் வாங்கப்போவதில்லை. வாயால் சொன்னால் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பெற்றோலுக்குக் கொழும்பே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவரை அந்த பிஸ்கட் கொம்பனியின் சின்ன லொறி கிழமைக்கு ஒருமுறை கொட்டாஞ்சேனை சாமான் ஸ்டோரிலிருந்து வந்து எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நிற்கும். பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் எல்லாம் அதில்தான் வரும். ஒரு கிழமை வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. பிறகு அந்தக் கொம்பனியின் ஏரியா மெனேஜர் வந்தான். எங்கள் ஆள்தான், தமிழ்ப் பொடியன். வழக்கம்போல உங்கள் அம்மா தேநீர் கொடுத்தார். அவன் கையில் இருந்த டெப் கணினியை மேசையில் வைத்துக்கொண்டு கதைத்தான்.

"கொம்பனி புது நெட்வேர்க் ஒண்டு போடுது அண்ணே. கொட்டாஞ்சேனை ஸ்டோரை மூடுறம். இனி டவுனுக்கு வெளியில ஒரே ஒரு பெரிய ஸ்டோர், பெரிய லொறி. டீசலும் மிச்சம், புகையும் குறைவு."

"நல்ல விசயம். எங்களுக்கு எந்த நாள் வரும்?"

அவன் டெப்பைத் திருப்பி அதிலிருந்த மெப்பைக் காட்டினான். எங்கள் ஒழுங்கை போய்ச் சேருகிற பெரிய வீதியான காலி வீதி தடித்த நீலக்கோடாக இருந்தது. கொள்ளுப்பிட்டியிலிருந்து இந்தப் பக்கம் வரை அதன் மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுப்பர்மார்க்கட். எங்கள் ஒழுங்கையில் ஒன்றுமில்லை.

"பெரிய லொறி உங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பாது அண்ணே. நீங்க எங்கட ரூட்டில இல்ல."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"சுப்பர்மார்க்கட்டில வாங்கி வித்துப் பாருங்களன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எங்கள் தேநீர் அவன் கையில் பாதி இருந்தது. மீதியையும் குடித்துவிட்டுத்தான் போனான்.

பால்மா வாங்க வருகிறவர்தான் பருப்பும் வெங்காயமும் வாங்குவார். பால்மா இல்லையென்றால் அவர் காலி வீதியைக் கடந்து போய்விடுவார். பருப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார். கடைத் தட்டுகள் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று அம்மா இருந்த சவர்க்காரங்களை இடம்விட்டு இடம்விட்டுப் பரப்பி வைத்தார். கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்ப்போமா என்று கேட்டார். பருப்பு நிறுக்கும்போதும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. கடையை மூடினால் அவன் சிரித்தது சரி என்றாகிவிடும். மூடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஒரு நாள் அவன் என் முன்னால் வந்து நிற்பான், அவன் சொன்ன அதே வசனத்தை அவனுக்குத் திருப்பிச் சொல்லுவேன் என்றும் முடிவெடுத்தேன். இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால், உண்மையில் இரண்டாவதுதான்.

எதிர்க்கடை முஸ்லிம் நானாவோடு அப்போது எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய ஐஸ்கிறீம் விளம்பரப் பலகை சரிந்து சரிந்து எங்கள் வாசலை மறைக்கும். நான் தள்ளிவைப்பேன், அவர் திரும்ப இழுத்து வைப்பார். அன்றைக்கு ஒழுங்கையைக் கடந்து அவரிடம் போனேன்.

"எனத்த, பலகைய இன்னொருக்கா தள்ள வந்தீங்களா?"

"இல்ல நானா. அந்த மெனேஜர் உங்களுக்கும் சொன்னானா?"

"செல்லினான். மெப்பில என்ட கடைய தேடினானாம், கெடைக்கல்லயாம். நான் இவ்வளவு காலமும் கடலுக்குள்ளயா யாவாரம் செஞ்ச?"

"அவனுக்கு ஒண்டு குடுக்கோணும் நானா."

"அடிக்கவா? எனக்கு முழங்கால் ஏலா."

"கடையைத் திறந்து வச்சே குடுக்கோணும்."

அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். எங்கள் நெட்வேர்க் தொடங்கியது அந்த ஸ்டூலில்தான்.

நாங்களே சேர்ந்து மொத்தக் கடையில் வாங்கி ஏற்றிவர வாகனத்துக்கு எங்கே போவது? அது தினமும் எங்கள் கண் முன்னால்தான் நின்றது. உங்களை ஏற்றிப் போகிற ஸ்கூல் வான். காலையில் உங்களைக் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பி வரும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வெறுமையாகப் போகும். பாதி ஓட்டம் காற்றை ஏற்றி இறக்குகிற ஓட்டம். மொத்தக் கடைகள் எல்லாம் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும்தானே இருக்கின்றன. பிள்ளைகளை இறக்கியதும் சீற்றை மடித்துச் சாமான் ஏற்றுவது, மத்தியானம் போகும்போது வெற்றுப் போத்தல் பெட்டிகளையும் முட்டைத் தட்டுகளையும் திருப்பி அனுப்புவது என்று வான்காரரோடு பேசி முடித்தோம். அந்த வானுக்கு வெற்று ஓட்டம் என்று ஒன்று இல்லாமல் போனது. எரிபொருளைச் சொட்டுச் சொட்டாக அளந்து கொடுத்த அந்தக் காலத்தில் அது சின்ன விசயமில்லை.

ஆனால் முதல் கிழமையிலேயே ஒரு பெரிய பிழை விட்டோம். நானாவுக்கு நெத்தலிக் கருவாடு நல்லாக விற்கும். அதையும் இடியப்ப மாவையும் வானுக்குள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினோம். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் மீன் மணக்கிறது என்று மாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அது போதாதென்று வான்காரர் கடைக்குள் வந்து நின்றார்.

"அண்ணே, பிள்ளையள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறுதுகள். நான் ஸ்கூல் வான் ஓடுறனா, மீன் லொறி ஓடுறனா?"

"ஜன்னல தொறந்து உடுங்க," என்றார் நானா.

"ஜன்னலைத் திறந்தா ரோட்டில போறவன் திட்டுறான்."

உங்கள் வெள்ளைச் சட்டையில் அந்த மணம் ஏன் வந்தது என்று அம்மா தேடிக்கொண்டிருந்தாரே, அது இதுதான். அன்றிலிருந்து கருவாடு மூடிபோட்ட வாளியில் வானின் கூரைக்குப் போனது. கடைசியாக இறக்குகிற கடையின் சாமானை முதலில் ஏற்றுவதையும் இப்படித்தான், ஒவ்வொன்றாகப் பிழைவிட்டுப் பழகினோம்.

பக்கத்து ஒழுங்கைக் கடைக்காரர்களும் சேர்ந்தார்கள். ரயில் பாதை ஓரத்தில் சின்னக் கடை வைத்திருக்கிற அக்காவும் வந்து கேட்டார். அங்கே வான் போனால் திரும்ப முடியாது. இரண்டு பெட்டிச் சாமானுக்காகப் பின்னால் பின்னால் எடுத்து வந்தால் உங்களைக் கூட்டிவரப் பிந்திவிடும். "அக்கா, நீங்க எங்கட" என்று வாயைத் திறந்துவிட்டேன். உடனே அவன் முகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்த வசனத்தை நான் ஒரே ஒருத்தனுக்காகத்தான் வைத்திருந்தேன். அக்காவின் சாமானை எங்கள் கடையில் இறக்கினோம். அவருடைய கணவர் சைக்கிளில் வந்து கட்டிக்கொண்டு போனார். பிறகு வான் திரும்பாத இடங்களுக்கெல்லாம் சைக்கிள்தான்.

பெரிய லொறியைக் காலி வீதியில் நிறுத்தி இரண்டு பெட்டி இறக்குவது நட்டம் என்பது இதற்குள் எனக்கும் விளங்கிவிட்டது. அவன் போட்ட கணக்கு பிழையில்லை. அது விளங்கியபோது என் கோபம் தணியவில்லை, கூடியது. "என்ன செய்யலாம் அண்ணே, யோசிப்பம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனுக்காக நானே வழி தேடியிருப்பேன். அவன் சிரித்தான்.

கடைசியில் அவன் வந்தான். வெயிலில், நடந்து. எங்கள் வான் சாமான் இறக்கிக்கொண்டு நின்றதால் அவனுடைய கார் ஒழுங்கைக்குள் திரும்பவில்லையாம்.

"அண்ணே, ஒழுங்கைக் கடையள் எல்லாம் திரும்ப வேணும் எண்டு மேல சொல்றாங்கள். உங்கட வானில எங்கட சாமானையும் போடுவமே? நல்ல கமிசன் தரலாம்."

எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனம். அதைச் சொல்ல எழும்பினேன். அதற்குள் நானா ஒழுங்கையைக் கடந்து வந்துவிட்டார்.

"கூரையில எடமிரிக்கி தம்பி. கருவாட்டு வாளிக்குப் பக்கத்தில."

பகிடி என்று நினைத்து அவன் என்னைப் பார்த்தான். இப்போது என் முறை.

"நீங்க எங்கட ரூட்டில இல்ல தம்பி."

"அண்ணே, அப்ப நான் மேல என்ன சொல்றது?"

"சுப்பர்மார்க்கட்டில வித்துப் பாருங்களன்."

நான் சிரிக்கவில்லை. எனக்கும் சேர்த்து நானா சிரித்தார். அவன் முகம் சிவந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டேன். தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அம்மா எழும்பப் பார்த்தார், கையைக் காட்டி இருத்தினேன். அவன் மேசையில் வைத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டை நானா இரண்டாக மடித்து ஐஸ்கிறீம் பலகையின் காலுக்கு அடியில் அண்டை கொடுத்தார். பலகை இப்போது எங்கள் வாசல் பக்கம் சரிவதில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அவனில கோபமெண்டா பிஸ்கட் என்ன செஞ்சது? கேக்கிற ஆக்கள் போயிடுதுகள் தானே?" என்று இன்றைக்கும் சொல்கிறார். போகிறார்கள்தான். போகட்டும். பருப்புக்கும் பால்மாவுக்கும் திரும்பி வருகிறார்கள்.

போன கிழமை சின்னவரின் புத்தகப் பையில் அந்த பிஸ்கட் பெட்டி ஒன்று, துவாய்க்குள் சுற்றி, இருந்ததைக் கண்டேன். ஒளிக்க வேண்டாம். உங்களோடு எனக்கு என்ன பகை? வாங்கிச் சாப்பிடுங்கள், அண்ணாவுக்கும் கொடுங்கள். ஆனால் கடைக்குள் கொண்டுவந்து, முன்பு அந்த பிஸ்கட் இருந்த மேல் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அங்கே இப்போது இடியப்ப மா இருக்கிறது.