ஒன்பதாவது பூச்சி

பாடு நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளையை எங்கள் குப்பத்தில் காய்ச்சல்காரன் என்பார்கள். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. கம்ப்யூட்டர் இருந்தது. அதுதான் வேலை செய்யவில்லை.

ஏரியில் எறா, அதாவது இறால், விழும் இடங்களில் ஆளாளுக்கு வலை போட முடியாது. குலுக்கலில் வந்த நாளில்தான் போகலாம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். அன்றைக்கு எங்கள் முறை. ஓர் ஆள் குறைச்சலாக நைனா கிளம்பினார்.

"நாலு மணி பஸ்ஸுக்கு உன் ஸ்டூடியோக்காரன் வர்றான் இல்ல? அவன் வோணாம்னு சொல்லிட்டான்னா நாளையிலேர்ந்து நீ படகுல. அதுக்கப்புறம் பொட்டி, கிட்டின்னு வாயத் தொறக்கக் கூடாது."

"சரி நைனா. ஏரியில எறாவ பயமுறுத்தாம வா."

வாய் அப்படிப் பேசியது. கை பெட்டியின் சுவிட்சை மறுபடியும் தட்டிப் பார்த்தது.

வினையே என் வாயால் வந்ததுதான். எண்பதுகளின் கடைசி அது. மீஞ்சூரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர், மாப்பிள்ளை பெண் பேரை அட்டையில் பெயிண்டால் எழுதி, அதைக் கேமராவில் பிடித்து கேசட்டின் ஆரம்பத்தில் சேர்ப்பார். கடை வாசலில் நின்று, "இன்னா சார், மாப்ள பேரு ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது. குட்ச்சிட்டு வந்தாரா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல எழுத்த ஓட வுடுறானுங்க. நீ ஓட வுட்டுக் காட்டு. இங்க உனக்கு ஒரு சேர் போடறேன்" என்றார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். ஆனால் பழவேற்காட்டு டவுனில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். துணிக்கடைக்காரர் மகன், இங்கிலீஷ் படிப்பான். சிங்கப்பூரில் மாமா வீட்டில் கம்ப்யூட்டர் கேம் ஆடிவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. அவனுக்கு கேம், எனக்கு சேர். இரண்டு பேரும் மெட்ராஸுக்கு பஸ் ஏறினோம்.

சந்துக்குள் ஒரு கடை. பழைய பார்ட்ஸ் எல்லாம் கருவாடு மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். கூட்டாளி கலர் டிவிப்பெட்டியை விட்டு நகர மாட்டேன் என்றான். நான் கருப்பு வெள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமே, கேம்ல ராட்சசன் பச்சையா வரணும்டா."

"உன்னக் கண்ணாடியில பாத்துக்க. பச்சையாத்தான் இருப்ப."

வீடியோ டெக்குக்கு ஒயர் கொடுக்கிற மஞ்சள் ஓட்டை உள்ள கார்டு, ஃப்ளாப்பித் தட்டு போடும் டிரைவ், கீபோர்டு, போர்டு என்று ஒவ்வொன்றாகச் சண்டை போட்டு எடுத்தோம். கடைசியில் கடைக்காரர் மெமரி சிப்புகளை எண்ணினார். கருப்பு உடம்பு, பக்கத்துக்கு எட்டு கால், நண்டுக்குஞ்சு மாதிரி. எட்டு எண்ணினார், "அப்புறம் ஒண்ணு" என்று ஒன்றைத் தனியாக வைத்தார். திரும்ப, வேறு ரகத்தில் எட்டு. "அப்புறம் ஒண்ணு."

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் கரையில் நண்டு எண்ணுவது அப்படித்தான். எண்ணி முடித்ததும் ஒன்றைத் தனியாகப் போடுவார்கள். அது கொசுறு, சுமந்து போகிறவனுக்குச் சொந்தம். சுமந்தது நாங்கள். ஆளுக்கு ஒரு கொசுறு. கூட்டாளி அதில் ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான். நான் என்னுடையதை நைனாவின் சுத்துவலைக் கயிற்றில் கட்டி, "புதுப் பூச்சி நைனா, எறா ஓடியாரும்" என்றேன். அவர் திட்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

போர்டில் வரிசைக்கு ஒன்பது குழி. இரண்டு வரிசையில் ரகத்துக்கு எட்டாகச் சொருகினோம். இரண்டிலும் கடைசிக் குழி காலியாக இருந்தது. படகில்கூட ஒரு பலகை காலியாக இருக்குமே என்று விட்டுவிட்டேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது. திரை இருட்டு. மூன்று நாளாக அதே இருட்டு.

பாடு அன்று காலையில்தான் கூட்டாளி போஸ்டாபீஸிலிருந்து மெட்ராஸ் கடைக்கு போன் போட்டான். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஒம்போதும் சொருகணுமாம்டா. மொத எட்டும் ஒழுங்கா இருக்குதான்னு பாக்கறதுக்குத்தான் ஒம்போதாவது. அது இல்லன்னா ஒண்ணும் எழுந்துக்காதாம். ரெண்டும் வேற வேற ரகம், ஒண்ணோடத இன்னொண்ணுல சொருகக் கூடாதாம். ஒரு வரிசை முழுசா இருந்தாப் போதும், போர்டுல இருக்கற குட்டி சுவிட்ச மாத்திட்டு ஓட்டலாமாம்."

இருவரும் சாவிக்கொத்தைப் பார்த்தோம். ஓட்டை நடு வயிற்றில் இருந்தது. மிச்சம் இருந்த ஒரே பூச்சி ஏரிக்குள், உப்புத் தண்ணீரில்.

கரையில் போய் நின்றேன். மணி இரண்டு. இரண்டரை. காத்து எதிர்க்காத்து. மூன்றேகாலுக்கு எங்கள் படகு தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி ஓடி வலையைப் பிடித்தேன்.

"இன்னாடா, இப்பத்தான் காய்ச்சல் வுட்டுச்சா?" என்றார் நைனா.

கயிற்றைத் தடவிக்கொண்டே போனேன். சேறு, பாசி, சேறு. கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கால் வளைந்திருந்தது.

குடிதண்ணீர்க் குடத்தில் முக்கிக் கழுவினேன். அம்மா கத்தியதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்பு மேட்டில் வைத்துக் காய வைத்தோம். ரப்பரால் ஒவ்வொரு காலாகத் தேய்த்தேன். வளைந்ததை நிமிர்த்தும்போது மூச்சு விடவில்லை. ஒடிந்தால் நாளைக்குப் படகு. கூட்டாளி குட்டி சுவிட்சை மாற்றினான். நான் பூச்சியைக் குழியில் வைத்து அமுக்கினேன்.

வாசலில் ஸ்டூடியோக்காரர் குரல். "இன்னாப்பா, எழுத்து ஓடுதா, நீ ஓடிட்டியா?"

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. இருட்டு. இன்னும் இருட்டு. கூட்டாளி எதையோ ஓதத் தொடங்கினான். மூலையில் ஒரு வெள்ளைக் கோடு துடித்தது. பிறகு எண்கள் ஏறின. அறுபத்து நாலு, நூத்து இருபத்தெட்டு. இருநூத்து ஐம்பத்தாறில் நின்றது. தட்டு கரகரவென்று சத்தம் போட்டது. கூட்டாளி தட்ட, இங்கிலீஷ் எழுத்தில் 'நல்வரவு' திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்து போனது. சாயாமல், நேராக.

ஸ்டூடியோக்காரர் மூன்று முறை ஓட விட்டுப் பார்த்தார். "திங்கக்கெழம பொட்டியோட வந்துடு. சேர் கீது" என்றார்.

அவர் போனதும் நைனா உள்ளே வந்தார். திரையைப் பார்க்கவே இல்லை.

"வலையில கட்டியிருந்த பூச்சி எங்கடா? இன்னிக்கி எறா நல்லா வுழுந்துச்சி. குடு, திரும்பக் கட்டணும்."

"அத எடுத்தா என் சேரு போயிடும் நைனா" என்று அடுத்த வரிசையின் எட்டையும் பிடுங்கி அவர் உள்ளங்கையில் கொட்டினேன். அவர் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, கால் கோணாத ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.