மாமாவின் உள்ளங்கால்

எங்கள் வீட்டில் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட மாட்டார்கள், என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது பத்து வயது. என் ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு சேவல் இறகு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரை ஒரு கோடு இழுப்பேன். நிஜமாகவே முடியாதவனுக்குச் சிரிப்பு வராது என்பது அம்மாவின் கண்டுபிடிப்பு. மாமா துண்டை வாயில் கடித்துக்கொண்டு, மூக்கு விடைக்க, கண்ணில் நீர் முட்ட அடக்கிப் பார்ப்பார். நாலாவது கோட்டில் வெடித்துவிடும். "நடிப்பு" என்று நான் தீர்ப்புச் சொன்னதும் அம்மா போர்வையை உருவிவிடுவாள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிற பெண்களை போடியிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் மலை ஏறுவது அவர் சோலி. பதினாலு பேர், பதினாலு தூக்குவாளி, மலையடிவாரத்து முந்தல் தாண்டிவிட்டால் வளைவுக்கு மேல் வளைவு. ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டால் அவரை அடிக்க ஆள் கிடையாது. கட்டிலிலிருந்து ஸ்டியரிங் வரை போய்ச் சேருவதில்தான் அவருக்கு ஆயிரம் தடங்கல். ஒருமுறை அட்டை கடித்து உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் போய்விட்டது என்று படுத்தார். இன்னொரு முறை தேவாரம் ஊர்ப் பக்கத்துக் காட்டில் யானை துரத்திக் கால் சுளுக்கிக்கொண்டது என்றார். முதல் நாள் இடது காலை நொண்டினார், மறுநாள் மறந்துபோய் வலது காலை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சளிக்காய்ச்சலை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என்னிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து அப்பாவுக்கு, கடைசியாக மாமாவுக்கு. நாங்கள் மூன்று பேரும் நாலு நாளில் எழுந்துவிட்டோம். மாமா பத்து நாள் இருமினார். அதில் ஆறு நாள் சொந்த இருமல், மீதி கைச்சரக்கு என்று அப்பா சொல்வார்.

ஒருவழியாக எழுந்து மூன்று நாள் ஜீப் ஓட்டினார். நாலாம் நாள் சாயங்காலம் வந்து, "அக்கா, கால்ல எறும்பு ஊறுதுக்கா" என்றார். அப்பா பாயை உதறி, கட்டிலைச் சுற்றி எறும்புப் பொடியால் கோலம் போட்டார். மறுநாள், "முட்டி வரைக்கும் ஏறிருச்சு மச்சான்" என்றார் மாமா.

"இடுப்புக்கு வர்றதுக்குள்ள வெரசா ஜீப்புல ஏறிரு மாப்ளே" என்றார் அப்பா.

அதற்கடுத்த நாள் காலையில் மாமா கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கால் சொன்ன பேச்சு கேட்கவில்லையாம். தெருமுனையில் காத்திருந்து சலித்துப்போன பதினாலு பெண்களும் தூக்குவாளியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சே! கோபம் இருக்காதா? "ஏந்தம்பி, எங்க வயித்துல அடிக்கிறதுக்குன்னே பொறந்தியா?" என்று ஒரு அக்கா ஆரம்பித்தார். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, அந்த எறகக் கொண்டா" என்றாள்.

அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் நான் அதுவரை பரிசோதனை செய்ததில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு போய் முதல் கோடு இழுத்தேன். மாமா சிரிக்கவில்லை. துண்டையும் கடிக்கவில்லை. இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. கால் விரல்கள் வேறு யாருடையதோ போலச் சும்மா கிடந்தன. "புள்ளைக்கு இன்னைக்குக் கை வரல" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிதுங்கிய உதட்டைக் கடித்துக்கொண்டு நாலாவது கோடு இழுத்தேன். மாமா தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பார்த்த மறுநொடியே ஹோவென்று சிரித்துவிட்டார்.

"ஐயோ போதும் ஆத்தா! கூசுது, கூசுது!"

"நடிப்பு!" என்று கத்தினேன். பெண்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கைதட்டல் அதற்குப் பிறகு கிடைத்ததில்லை.

அம்மா போர்வையை உருவி, சாவியை அவர் கையில் திணித்தாள். மாமா சுவரைப் பிடித்து எழுந்து, இரண்டு அடி வைத்து, ஜன்னல் வழியாகச் சாவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பிரேக்கு எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியலக்கா. பதினாலு உசுரு. என்னைய வெட்டிப்போட்டாலும் ஓட்ட மாட்டேன்" என்றார். அப்பா தொட்டிக்குள் இறங்கித் துழாவிச் சாவியை எடுத்து, பக்கத்துத் தெரு டிரைவரைக் கெஞ்சி வண்டியை அனுப்பும்போது மணி எட்டு. மாமாவைக் கைத்தாங்கலாகக் கட்டிலில் போட்டுவிட்டு, நடிக்கிறவனுக்குச் சோறு கிடையாது என்று அம்மா அறிவித்தாள்.

மத்தியானம் அம்மா வேண்டுமென்றே அயிரைமீன் குழம்பு வைத்தாள். அந்த வாசத்துக்கு மாமா சுடுகாட்டிலிருந்துகூட எழுந்து வருவார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எழுந்து வரவில்லை. அம்மா கரண்டியும் கையுமாக இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது தடவை மனசு கேட்காமல் தட்டில் போட்டுக் கொண்டுபோய் நீட்டினாள். மாமா ஆசையாகத்தான் வாங்கினார். தட்டு கையிலிருந்து நழுவிக் குழம்பெல்லாம் கட்டிலில் கொட்டியது. விரல்களைப் பார்த்துக்கொண்டே, "பிடிக்கத்தான்க்கா பாக்குறேன்" என்றார். அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. மாமா குழம்பை வீணாக்கினார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

அப்போதே அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தேனி ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் விட ஆள் இல்லாததால் நானும் போனேன். அங்கே ஒரு டாக்டர் சின்னச் சுத்தியலால் மாமாவின் முட்டியில் தட்டினார். கால் எகிறவில்லை. பிறகு ஒரு சாவியை எடுத்து, நான் செய்கிற மாதிரியே குதிகாலிலிருந்து விரல் வரை கோடு இழுத்தார். என் வித்தை இவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

"தெரியுதா?"

"இல்ல டாக்டர். நேத்துல இருந்தே அங்க தொட்டாத் தெரியல."

எனக்கு வந்ததே கோபம்! "பொய் டாக்டர்! இன்னைக்குக் காலைலதான் நான் கூச்சம் காட்டுனேன். சிரிச்சாரு! பதினாலு பேரு பாத்தாங்க!"

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா ஃபேனைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். தம்பி கையும் களவுமாக மாட்டிக்கொண்டதற்கு அம்மாவும் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயரை டாக்டர் சொன்னார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரியும் சொன்னார். சளிக்காய்ச்சலோடு சண்டை போட உடம்பு ஒரு படையை அனுப்பியதாம். காய்ச்சல் போன பிறகும் அந்தப் படை ஓயாமல், ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடிக்கிறதாம். காலில் ஆரம்பித்து மேலே ஏறுமாம். நெஞ்சுக்கு வந்துவிட்டால் மூச்சு விடவே மெஷின் வைக்க வேண்டும் என்றார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. மாமா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "என் ஒடம்புலயும் ஒருத்தன் ஓயாம வேலை பாக்குறான் பாருங்க மச்சான். அவனும் தப்பாப் பாக்குறான்."

கையில் ஊசி குத்தி ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்வார்கள். முதல் நாள் இருபத்திரண்டு வரை போனார். மறுநாள் பதினாறு. மூன்றாம் நாள் "பத்து, பதினொண்ணு, பதினஞ்சு, பதினெட்டு, இருபது" என்று எண்ணி நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். நான் விடுவேனா? நடுவில் விட்ட எண்களை விரல்விட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். அன்று முழுக்க அவரைத் தனி அறையில் மூச்சு மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நான் காட்டிக்கொடுத்ததால்தான் மாமாவை உள்ளே பிடித்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, அவர் திரும்பி வரும்வரை அழுதேன். அவர் வந்து, எண்களை விடாமல் பதினேழு வரை எண்ணிக் காட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மாசக்கணக்கில் படுக்கை, பிறகு வாக்கர். இறகை நான் தொடவே இல்லை. ஒரு நாள் அவரே, "என்ன டாக்டரம்மா, இந்தப் பக்கமே காணோம்?" என்று காலை நீட்டினார். ஒரு கோடு இழுத்தேன். வெடுக்கென்று துண்டைத் தேடி எடுத்துக் கடித்தார். மூக்கு விடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆறாவது கோட்டில் வெடித்துச் சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம். "அன்னைக்கு மட்டும் துண்டக் கடிக்காமயே சிரிச்சீங்களே மாமா, ஏன்?"

"நீ அன்னைக்கு மூஞ்சிய வச்சிருந்த லட்சணத்தப் பாத்தா எவனுக்கு ஆத்தா சிரிப்பு வராது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எறும்பு முட்டி வரைக்கும் ஏறின மனுஷனையே சிரிக்க வைத்த முகம் ஆயிற்றே! அது எந்த முகம் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்றேன். நாக்கைத் துருத்தினேன், மாறுகண் போட்டேன், மூக்கை விரலால் தூக்கிப் பன்றி மாதிரி வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழப்போகிற முகத்தை மட்டும் நான் வைத்துப் பார்க்கவே இல்லை.